சங்கத்து வண்டியும் சிவப்பு எண்ணெயும்

கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சொத்து யாது என்று வினவினால், பங்கு மூலதனம், வைப்புத் தொகை, கிடங்கு, கட்டடம் என்று அங்கத்தினர்கள் விரல் மடக்கி எண்ணுவார்கள். அந்த வரிசையில் சங்கத்தின் சரக்கு வண்டி பெரும்பாலும் கடைசி விரலுக்குத்தான் வரும். ஆயினும் பண்டிகைக்கு முந்தைய வாரத்திலும் அறுவடைப் பருவத்திலும் எல்லாரும் முதலில் தேடுவது அந்த வண்டியைத்தான். நூற் சிப்பங்கள் தறிக்கு வந்து சேர்வதும், நெய்த சேலைகள் விற்பனை நிலையத்தை அடைவதும், பறித்த தக்காளி வாடுமுன் சந்தைக்குப் போவதும் அதன் நான்கு சக்கரங்களை நம்பியே நடைபெறுகின்றன.

வண்டி மாடு வைத்திருந்த நம் முன்னோர், மாட்டின் நலத்தை அதன் மூக்கிலும் சாணத்திலும் பார்த்தே அறிந்தார்கள். மூக்கு உலர்ந்திருந்தால் அன்று பாரம் ஏற்றமாட்டார்கள். மோட்டார் வண்டிக்கும் அத்தகைய குறிகள் உண்டு. அவற்றுள் பலரும் அறியாதது, தானியங்கிக் கியர்ப் பெட்டிக்குள் மறைந்திருக்கும் சிவப்பு எண்ணெய். அந்த எண்ணெயையும் அதன் வடிகட்டிகளையும் எப்பொழுது, எப்படி, ஏன் மாற்ற வேண்டும் என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு இது எதற்கு?

நம் சங்கங்களில் ஓடும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை, ஓட்டுநர் கிளட்சை மிதித்துத் தம் கையாலேயே கியர் மாற்றும் வகையைச் சேர்ந்தவை என்பது உண்மையே. ஆனால் நிலைமை மெல்ல மாறி வருகிறது. நம் எல்லையை அடுத்த ஆந்திர மாநிலத்து ஸ்ரீசிட்டியில் 2016 ஆம் ஆண்டு முதல் இசூசு நிறுவனத்தின் பிக்கப் வண்டிகள் ஆக்கப்படுகின்றன. அவற்றுள் வி-கிராஸ் என்னும் வண்டி தானியங்கிக் கியருடனும் விற்பனைக்கு வந்தது. 2022 இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியிலும் அத்தகைய வகை உண்டு. புதிதாக வாங்கும் வசதி இல்லாத சங்கங்களும் நாளடைவில் இத்தகைய வண்டிகளைப் பழைய விலைக்கு வாங்கத் தொடங்கும். வாங்குவது எளிது, வைத்துக் காப்பதற்குத்தான் அறிவு வேண்டும்.

என் ஆய்வுச் சுற்றில் கண்ட ஒரு காய்கறி விளைவிப்போர் சங்கத்தின் கணக்கை இங்குக் குறிப்பிடுவது தகும். அச்சங்கம் தானியங்கிப் பிக்கப் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தது. மூன்று ஆண்டுச் செலவுச் சீட்டுகளைப் புரட்டியபோது, ‘ஆயில் மாற்றியது’ என்னும் வாசகம் பலமுறை கண்ணில் பட்டது. விசாரித்ததில் அவையனைத்தும் இஞ்சின் எண்ணெய்க்கான செலவு என்று தெரிந்தது. கியர்ப் பெட்டியின் எண்ணெய் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை. எந்த எண்ணெய் என்று சீட்டில் எழுதப்படாமையால், வண்டி செவ்வனே பராமரிக்கப்படுகிறது என்றே நிர்வாகக் குழுவினர் அனைவரும் நம்பியிருந்தனர். மேட்டில் ஏறும்போது கியர் வழுக்குகிறது என்று ஓட்டுநர் தெரிவித்ததும், அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அது ஒத்திவைக்கப்பட்டது. கூட்டம் கூடுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. தக்காளிப் பருவம் முழுவதும் வாடகை வண்டிக்குப் பணம் போயிற்று. கியர்ப் பெட்டியைப் பிரித்துச் செப்பனிட்ட செலவோ, அவ்வாண்டு அங்கத்தினர் கைக்கு வந்திருக்க வேண்டிய இலாபப் பங்கீட்டை விழுங்கிவிட்டது.

அச்சங்கத்தில் எவரும் ஒரு காசும் கையாடவில்லை. எவரும் வேண்டுமென்று கடமையில் தவறவுமில்லை. வண்டிக்குள் இரண்டு எண்ணெய்கள் இருக்கின்றன என்பது தெரியாமற் போனதே அந்த நட்டத்திற்குக் காரணம்.

எண்ணெய் செய்யும் வேலைகள்

சாதாரண யந்திரங்களில் எண்ணெய் உராய்வைக் குறைக்கும் துணைப்பொருள் மட்டுமே. தானியங்கிக் கியர்ப் பெட்டியில் அவ்வாறன்று; அங்கு எண்ணெயே வேலையாள்.

இஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே ‘டார்க் கன்வெர்ட்டர்’ என்னும் மூடிய உருண்டைக் கலம் ஒன்று உள்ளது. அதற்குள் எதிரெதிராக இரண்டு விசிறிச் சக்கரங்கள் இருக்கின்றன. இஞ்சின் ஒன்றைச் சுழற்றுகிறது. அது எண்ணெயை வாரி மற்றதன் மேல் வீசுகிறது. அந்த எண்ணெயின் வேகத்தால் இரண்டாவது சக்கரம் சுழன்று வண்டியை நகர்த்துகிறது. இரண்டிற்கும் நடுவே உள்ள மூன்றாவது சிறு சக்கரம், திரும்பி வரும் எண்ணெயை நெறிப்படுத்தி, இழுவையைப் பெருக்குகிறது. வண்டி வேகம் பிடித்தபின் உள்ளிருக்கும் ஒரு பூட்டு இரண்டையும் இணைத்துவிடும். ஆனால் பாரத்துடன் புறப்படும்போதும் மேட்டில் மெல்ல ஏறும்போதும் இஞ்சினின் ஆற்றல் எண்ணெய் வழியாகவே சக்கரத்தைச் சென்றடைகிறது.

இஃது எண்ணெயின் முதல் வேலை. இரண்டாவதாக, அழுத்தம் ஊட்டப்பட்ட எண்ணெயே உள்ளிருக்கும் கிளட்ச்சுத் தகடுகளை இறுக்கியும் தளர்த்தியும் கியரை மாற்றுகிறது. ஓட்டுநரின் காலும் கையும் செய்யும் வேலையை இங்கு எண்ணெய் செய்கிறது. மூன்றாவதாகப் பல்சக்கரங்களையும் உருளைகளையும் மசகிடுகிறது. நான்காவதாக, உள்ளே பிறக்கும் வெப்பத்தைச் சுமந்து சென்று குளிர்விப்பானில் விட்டு வருகிறது. ஐந்தாவது வேலை மிக நுண்ணியது. கிளட்ச்சுத் தகடுகள் ஒன்றையொன்று பற்றும்போது வெடுக்கென்று பற்றாமலும் வழுக்கிக்கொண்டே இராமலும் வேண்டிய அளவு உராய்வை மட்டும் தருவது. இதற்காகவே அதில் தனி மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. இஞ்சின் எண்ணெயை இதில் ஊற்றலாகாது என்பதும், ஒரு கியர்ப் பெட்டிக்கு ஏற்ற எண்ணெய் மற்றொன்றுக்கு ஏற்காது என்பதும் இக்காரணத்தாலேயே.

சிவப்பு நிறம் வந்த கதை

பெருந்தொகையாக ஆக்கப்பட்ட முதல் முழுத் தானியங்கிக் கியர்ப் பெட்டி, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939 இல் அறிமுகப்படுத்திய ஹைட்ரா-மேட்டிக் ஆகும்; ஓல்ட்ஸ்மொபில் காரின் 1940 ஆம் ஆண்டு மாதிரியில் அது பொருத்தப்பட்டது. இத்தகைய பெட்டிகளுக்கென ‘டைப் ஏ’ என்னும் எண்ணெய்த் தரத்தை அந்நிறுவனம் 1949 இல் வகுத்தது. 1967 இல் ‘டெக்ஸ்ரான்’ என்னும் தரம் வந்தது. அது பலமுறை திருத்தப்பட்டு, 2005 இல் ‘டெக்ஸ்ரான் 6’ ஆயிற்று. தொடக்க காலத்தில், தகடுகளின் உராய்வைச் சீர்செய்யும் மருந்தாகத் திமிங்கிலத்தின் எண்ணெய் கலக்கப்பட்டது. அத்திமிங்கிலத்தைக் காக்கும் சட்டங்கள் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்தபின், அதற்கு மாற்றாக வேறு மருந்துகளைத் தேட வேண்டியதாயிற்று.

சிவப்பு நிறம் எண்ணெயின் இயற்கையன்று. சாயம் கலந்து ஊட்டப்பட்டது. வண்டியின் அடியில் எண்ணெய் சொட்டினால், அது இஞ்சினிலிருந்து ஒழுகுகிறதா, கியர்ப் பெட்டியிலிருந்து ஒழுகுகிறதா என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. இந்நாளில் சில எண்ணெய்கள் வேறு நிறத்திலும் வருகின்றன. ஆகையால் நிறத்தை நம்பி எண்ணெய் வாங்குதல் கூடாது. வண்டியின் கையேட்டில் எந்தத் தரம் குறிக்கப்பட்டுள்ளதோ, அந்தத் தரத்தின் பெயர் டப்பாவின் மேல் இருத்தல் வேண்டும்.

எண்ணெய் ஏன் கெடுகிறது?

எண்ணெய்க்குப் பெரும் பகை வெப்பம். எண்ணெயின் வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயருந்தோறும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மசகெண்ணெய்களைப் பற்றி வழங்கும் பொது விதி. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உண்டு. வால்பாறைப் பாதையில் 40, ஏற்காட்டுப் பாதையில் 20. நிறைபாரத்துடன் அவ்வளைவுகளில் மெல்ல ஏறும் வண்டியின் டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் இடைவிடாது கடையப்படுகிறது. மத்தால் கடைந்த தயிர் சற்றே சூடேறுவதைக் கண்டிருக்கிறோம். இங்கோ நூறு குதிரைத் திறனுக்கு மேற்பட்ட இஞ்சின் கடைகிறது.

வெப்பத்தால் எண்ணெய் கருகுகிறது. அதிலுள்ள மருந்துகள் செயலிழக்கின்றன. கிளட்ச்சுத் தகடுகளின் மேற்பூச்சு தேய்ந்து பொடியாகக் கலக்கிறது. பல்சக்கரங்களின் நுண்ணிய இரும்புத் துகளும் சேர்கிறது. இந்தக் கசடு, கியரை மாற்றும் மெல்லிய வால்வுகளின் வழியாகவே மீண்டும் மீண்டும் சுற்றி வருகிறது.

சில வண்டிகளின் எண்ணெய் ‘ஆயுள் முழுவதற்கும் போதுமானது’ என்று சொல்லப்படுவதுண்டு. யாருடைய ஆயுள் என்று நாம் கேட்க வேண்டும். அதே கையேட்டின் வேறொரு பக்கத்தில் ‘கடும் உபயோகம்’ என்னும் தலைப்பு இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தல் நலம். பாரம் ஏற்றுதல், மலையேறுதல், வெப்பம் மிகுந்த இடங்களில் ஓட்டுதல், நெரிசலில் நின்று நின்று செல்லுதல் ஆகியவை கடும் உபயோகத்தின் கீழ் வருவன. சங்கத்து வண்டிக்கு இவையெல்லாம் அன்றாட வேலை. ஆகவே நமக்கு உரியது அந்தக் கடும் உபயோகக் கணக்கே. வண்டிக்கு வண்டி வேறுபட்டாலும், அத்தகைய உழைப்புக்கு 40,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை எண்ணெய் மாற்றுவது என்பது பொதுவாக வழங்கும் வரம்பு.

வடிகட்டிகள் இரண்டு

பெரும்பாலான தானியங்கிக் கியர்ப் பெட்டிகளில் வடிகட்டி உள்ளேயே இருக்கும். பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினால்தான் அதைக் காணலாம். எண்ணெயை உறிஞ்சும் பம்பின் வாயில் அது பொருத்தப்பட்டிருக்கும். அடித்தட்டில் இரும்புத் துகளைப் பற்றிக்கொள்வதற்காகக் காந்தத் துண்டுகளும் இருக்கும்.

இதனினும் சிறந்த ஏற்பாடு ஒன்றை அலிசன் நிறுவனத்தின் ‘1000’ வரிசைப் பெட்டியில் காணலாம். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஜேம்ஸ் அலிசன் என்பவர் 1915 இல் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்தது அந்நிறுவனம். சென்னையை அடுத்த ஒரகடத்திலும் அதற்கு ஒரு தொழிற்சாலை உண்டு. ஷெவர்லே சில்வராடோ கனரகப் பிக்கப்பின் 2001 முதல் 2019 வரையிலான டீசல் மாதிரிகளில் இந்தப் பெட்டி பொருத்தப்பட்டது. அமெரிக்க விவசாயிகள் பலர் தம் கொட்டகையிலேயே அதற்கு எண்ணெய் மாற்றிக்கொள்கின்றனர். காரணம், உள்வடிகட்டியோடு வெளியிலும் ஒரு வடிகட்டி இருப்பதுதான். இஞ்சின் எண்ணெயின் வடிகட்டியைப் போலவே அதைத் திருகிக் கழற்றலாம். அடித்தட்டைத் தொட வேண்டியதில்லை. அதன் உள்ளே வளையமான காந்தம் ஒன்றும் உண்டு. புதிய பெட்டியில் தொடக்கத் தேய்மானத்தின் துகள் மிகுதியாக வரும் என்பதால், முதல் 8,000 கிலோமீட்டரிலேயே வெளிவடிகட்டியை ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்பது அப்பெட்டிக்கு வகுத்த முறை.

புதிதாக மணந்து வந்த மருமகளை முதல் ஆண்டில் அடிக்கடி சென்று பார்த்து வருவது போல, புதிய யந்திரத்தையும் தொடக்கத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும் என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது. வெளிவடிகட்டி இல்லாத வண்டிகளுக்கும் அக்கருத்துப் பொருந்தும்.

மாற்றும் முறை

உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறையிலேயே விட வேண்டும். அக்காலம் கடந்த வண்டியை நல்ல மெக்கானிக்கிடம் விடலாம். எவர் செய்தாலும், சங்கத்தின் சார்பில் ஒருவர் அருகிருந்து பார்ப்பது நலம். அவ்வாறு பார்ப்பவர் அறிந்திருக்க வேண்டியவை இவை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, சக்கரங்களுக்கு அடைகட்டை வைக்க வேண்டும். வண்டியைத் தூக்கினால் தாங்கிகளின் மேல் நிற்கச் செய்ய வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி எவரும் அடியில் நுழையலாகாது. எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் கசடும் கூடவே வரும். ஓடிவந்த சூட்டோடு வடித்தால் கை வெந்துவிடும்.

வடித்திருகைக் கழற்றுமுன், ஊற்றுத் திருகு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெயை எல்லாம் வடித்தபின் ஊற்றும் வழி திறக்கவில்லையென்றால் வண்டி பட்டறையிலேயே கிடக்க நேரும். வடியும் எண்ணெயை அளவுக் குறியிட்ட பாத்திரத்தில் பிடித்து, எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்ள வேண்டும். திரும்ப ஊற்ற வேண்டிய அளவுக்கு அதுவே முதற் சாட்சி.

பின்னர் அடித்தட்டைக் கழற்றி உள்வடிகட்டியை எடுக்க வேண்டும். இங்கு ஒரு சிறு கவனக்குறைவு பெருங்கேட்டை விளைக்கும். வடிகட்டியின் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையம் சிலபோது மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதை எடுக்காமல் புதிய வளையத்தோடு வடிகட்டியைச் செருகினால் அது சரியாக அமராது. பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். வெளிவடிகட்டிக்கும் இதே எச்சரிக்கை உண்டு. பழைய வளையம் ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதைத் திருகினால், அழுத்தம் ஏறியதும் எண்ணெய் பீறிட்டு வெளியேறிவிடும். கழற்றிய வடிகட்டியில் வளையம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, இருந்தால்தான் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

புதிய வளையத்தில் புதிய எண்ணெயைச் சிறிது தடவி, வடிகட்டியைக் கையாலேயே திருக வேண்டும். அலிசன் 1000 பெட்டியில், வளையம் தொட்டபின் மேலும் ஒரு முழுச் சுற்று என்பது கணக்கு. அடித்தட்டையும் காந்தங்களையும் துடைத்து, புதிய கேஸ்கெட் வைத்து, திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக முறுக்கினால் தட்டின் விளிம்பு வளைந்து ஒழுகும். பலசாலி முறுக்கிய திருகே முதலில் ஒழுகும் என்பது பட்டறைகளில் பலமுறை கண்ட உண்மை.

எண்ணெயை ஊற்றியபின் இஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர்த் தண்டை ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்தி எடுக்க வேண்டும். உள்ளறைகள் நிரம்புவதற்கு இது தேவை. அளவைப் பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். அளவுகோல் உள்ள வண்டிகளில், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் சூடாக இருக்கும்போது பார்ப்பது வழக்கம். அலிசன் 1000 பெட்டிக்கு அந்தச் சூடு 71 முதல் 93 பாகை செல்சியஸ். புதிய வண்டிகள் பலவற்றில் அளவுகோலே கிடையாது. கையேட்டில் சொன்ன வெப்பநிலையில் ஒரு திருகைத் திறந்து, மிகுதி எண்ணெய் மெல்லிய தாரையாக வடிந்து நிற்கும்வரை பார்க்க வேண்டும். வெப்பமானி இல்லாத பட்டறையில் இவ்வேலையைக் கொடுத்தல் ஆகாது. எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை விழுங்கும். மிகுந்தால் சக்கரங்கள் கடைந்து நுரையாக்கும். இரண்டும் கேடே.

சாயத் தொட்டிக் கணக்கு

அடியில் வடித்துவிட்டால் எண்ணெய் முழுதும் வந்துவிட்டது என்று எண்ணுதல் பிழை. டார்க் கன்வெர்ட்டரிலும் குளிர்விப்பானிலும் குழாய்களிலும் பழைய எண்ணெய் தங்கியே இருக்கும். பல வண்டிகளில் ஒருமுறை வடித்தால் பாதியளவுதான் வரும்.

இதை நெசவாளர்கள் எளிதில் உணர்வார்கள். அழுக்கேறிய சாயத் தொட்டியில் பாதி நீரை இறைத்துவிட்டுப் புதுநீர் ஊற்றினால், தொட்டி பாதி தூய்மையே அடையும். எடுத்துக்காட்டாக, மொத்தம் 12 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் ஒருமுறைக்கு 6 லிட்டர் வடிகிறது என்று கொள்வோம். முதல் மாற்றத்தில் நூற்றுக்கு 50 பங்கு புதிய எண்ணெய். சிறிது தூரம் ஓட்டி மறுமுறை மாற்றினால் 75 பங்கு. மூன்றாம் முறை 87.5 பங்கு. ஆகவே உரிய காலத்தில் தவறாமல் மாற்றி வரும் வண்டிக்கு ஒருமுறை வடித்தலே போதும். நெடுங்காலம் கவனிக்காமல் விட்ட வண்டிக்கு இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை மாற்றுதல் வேண்டும். யந்திரத்தால் முழு எண்ணெயையும் மாற்றித் தருவதாகச் சொல்லும் பட்டறைகளில், வடிகட்டியையும் மாற்றுகிறார்களா என்று கேட்டறிய வேண்டும். வடிகட்டியை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் மாற்றுவது, குளித்துவிட்டு அழுக்கு வேட்டியையே மீண்டும் உடுத்துவதற்கு ஒப்பாகும்.

எண்ணெய் சொல்லும் செய்தி

வடித்த எண்ணெயை உடனே கொட்டிவிடாமல் வெள்ளைத் துணியில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும். சிவப்பு மங்கிப் பழுப்பானால் அது உழைத்ததன் அடையாளம். கறுத்துக் கருகல் நாற்றம் வீசினால் தகடுகள் வெந்திருக்கின்றன என்று பொருள். பால் கலந்தாற்போல் இளஞ்சிவப்பாக இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் குளிர்விப்பான் உள்ளே ஓட்டையாகியிருக்கும். அத்தகைய வண்டியை ஒரு நாளும் ஓட்டலாகாது.

காந்தத்தின் மேல் சாம்பல் நிறச் சேறு போல மென்மையாகப் படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் செதில்களும் துண்டுகளும் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. அவற்றைத் தாளில் மடித்து நிர்வாகக் குழுவின் பார்வைக்கு வைத்தல் வேண்டும்.

‘பல ஆண்டுகள் மாற்றாத பெட்டியில் புதிய எண்ணெய் ஊற்றினால் அது உடனே பழுதாகிவிடும்’ என்று ஒரு பேச்சு பட்டறைகளில் உலவுகிறது. இதில் உண்மையும் உண்டு, மயக்கமும் உண்டு. தகடுகள் முன்பே தேய்ந்து வழுக்கத் தொடங்கிய பெட்டியைப் புதிய எண்ணெய் குணப்படுத்தாது. சாகுந்தறுவாயில் வைத்தியரிடம் கொண்டுசென்று, வைத்தியத்தால்தான் இறந்தார் என்பது போன்றது அப்பேச்சு. கியர் வழுக்காமல் ஓடும் வண்டிக்கு, காலம் கடந்திருந்தாலும், அழுத்தம் கொடுத்துக் கழுவாமல் மெல்ல வடித்து மாற்றுதல் நன்மையே தரும். முன்பே வழுக்கும் வண்டியை எண்ணெய் மாற்றுமுன் நன்கு சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

கையால் கியர் மாற்றும் வண்டிகளை வைத்திருக்கும் சங்கங்களுக்கு ஒரு சொல். அவற்றின் கியர்ப் பெட்டியிலும் தனி எண்ணெய் உண்டு; அதற்கும் கையேட்டில் ஒரு கெடு உண்டு. அங்கு வடிகட்டி பெரும்பாலும் இராது; வேலையும் எளிது. ‘ஏ.எம்.டி.’ என்று வழங்கும் வண்டிகள் தாமே கியர் மாற்றினாலும், உள்ளே இருப்பது கையால் மாற்றும் வகைப் பெட்டியே. அதற்குத் தானியங்கிப் பெட்டியின் எண்ணெய் உரியதன்று. அதன் கையேட்டில் சொன்னதையே ஊற்ற வேண்டும்.

ஏட்டில் எழுத வேண்டியது

இனி நிர்வாகக் குழுவினரின் கடமைக்கு வருவோம். வண்டியின் நடைப் புத்தகத்தில் ‘ஆயில்’ என்று பொதுப்படையாக எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். இஞ்சின், கியர்ப் பெட்டி, பின் அச்சு, பிரேக் என்று தனித்தனிப் பத்திகள் இட்டு, ஒவ்வொன்றிலும் மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர், எண்ணெயின் தரப்பெயர், வடிந்த அளவு, ஊற்றிய அளவு, அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். செலவுச் சீட்டோடு பழைய வடிகட்டியைக் காட்டி ஒப்புதல் பெறும் முறையை வைத்துக்கொண்டால், மாற்றாமலே மாற்றியதாகப் பில் எழுதும் தீங்கும் நீங்கும்.

ஆண்டுதோறும் ஐந்தொகையில் வண்டிக்குத் தேய்மானம் எழுதுகிறோம். அத்தொகை ஏட்டில் குறைகிறதேயன்றி, பழுது வந்த நாளில் எடுத்துச் செலவிடும் ரொக்கமாகப் பெட்டியில் இருப்பதில்லை. ஆகையால், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கென்று தனியே ஒதுக்கி வைப்பதைக் குழு தீர்மானமாக நிறைவேற்றலாம். எண்ணெய் மாற்றும் நாள் வரும்போது பணத்திற்காகக் கூட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிலை அப்பொழுது வாராது.

எல்லாவற்றினும் மேலாக, ஓட்டுநரின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இருத்தல் வேண்டும். கியர் விழத் தாமதமாகிறது, இஞ்சின் இரைகிறது ஆனால் வண்டி நகரவில்லை, நிறுத்திய இடத்தில் சிவப்புத் துளி கிடக்கிறது என்று அவர் சொல்லும் நாளிலேயே வண்டியை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தைச் செயலாளருக்கு அளித்துவிட வேண்டும். மாட்டின் நோவை முதலில் அறிபவன் அதை ஓட்டுபவனே.

கழிவெண்ணெய்

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ, சாலையோரத்திலோ, கிணற்றடியிலோ கொட்டுதல் பெருந்தவறு. கறையான் வராமலிருக்கக் கம்பங்களுக்குப் பூசுவதும், தூசி அடங்கத் தரையில் தெளிப்பதும் பழக்கத்தில் உள்ளன. அவ்வெண்ணெயில் உலோகத் துகளும் கெட்ட மருந்துகளும் கலந்திருக்கின்றன. அவை மழையோடு இறங்கி, நாம் குடிக்கும் நீரிலும் நம் பயிரிலும் சேரும். 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய எண்ணெய் உரிய அனுமதி பெற்று மறுசுத்தி செய்வோரிடமே போய்ச் சேர வேண்டும். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, அத்தகையோருக்கு அனுப்பும் பட்டறையில் ஒப்படைத்துவிடலாம். பழைய வடிகட்டியையும் எண்ணெய் வடியவிட்டு அதனுடன் சேர்த்தல் வேண்டும்.

தனி மனிதன் தன் வண்டியைக் கவனியாது விட்டால் நட்டம் அவனுக்கு மட்டுமே. சங்கத்து வண்டி நின்றால், தறியடியில் நூலுக்குக் காத்திருக்கும் நெசவாளிக்கும், கூடையோடு விடியலில் நிற்கும் விவசாயிக்கும் அந்நட்டம் பகிர்ந்து செல்கிறது. பலருக்கும் உரிய பொருளை ஒருவரும் கவனிப்பதில்லை என்று நம்மைப் பார்த்துச் சொல்வோர் உண்டு. அந்தச் சொல்லைப் பொய்யாக்குவது பெரிய காரியமன்று. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வண்டியின் நடைப் புத்தகத்தைத் தருவித்து, ‘கியர்ப் பெட்டியின் எண்ணெய் கடைசியாக எப்பொழுது மாற்றப்பட்டது?’ என்று அங்கத்தினர் ஒருவர் எழுந்து கேட்டால் போதும். விடை ஏட்டில் இருந்தால் மகிழ்வோம். இல்லையேல் அன்றே அதற்குரிய தீர்மானத்தை எழுதுவோம்.